சாமிமார் வந்த கிறிஸ்துமஸ்

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். நான் வேண்டாம் என்று சொன்னால் கிறிஸ்துமஸ் நின்றுவிடாது என்று எனக்குத் தெரியும். என் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றுகொள்ளட்டும் என்பதுதான் எண்ணம்.

அதற்கு எனக்கு முழு உரிமையும் இருந்தது. ஆடி மாதம், நல்ல சாரல் நேரத்தில், என் கணவர் இறந்துபோனார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் துக்கம் நடந்த வருஷம் ஸ்டார் கட்டுவதில்லை. பலகாரம் சுடுவதில்லை. புதுத்துணி எடுப்பதில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து டிசம்பர் வந்தால் பாசிப்பயறு வறுத்து, வெல்லப்பாகு காய்ச்சி, முந்திரிக்கொத்து உருட்டி உருட்டிக் கை வலித்தவள் நான். கை வலிக்காத டிசம்பரில் ஒரு நிம்மதி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. இருந்தாலும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

இலஞ்சியில் எங்கள் வீடு குற்றாலம் போகிற ரோட்டைப் பார்த்தது. பின்னால் தென்னந்தோப்பு. உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் ஊரில் எல்லாருக்கும் நான் டீச்சர்தான். ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னான். அவன் குரலில் வருத்தம் இருந்ததால் அவனை நான்தான் தேற்ற வேண்டியிருந்தது.

எதிர்வீட்டு அண்ணாச்சி போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுவிடுவார். மாலை போட்டுவிட்டால் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடக் கூடாது. சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் மனைவியை நான் மதினி என்பேன். அவர்களும் அந்த நாற்பது சொச்சம் நாளும் புருஷனை சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் மதினி அதைச் சொல்லுகிற தொனியில் வித்தியாசம் எதுவும் இருக்காது. "சாமி, அந்த சிலிண்டரத் தூக்கி உள்ள வையும்" என்று கேட்கும்.

டிசம்பர் நடுவில் ஒருநாள் அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே நின்று என் மொட்டைமாடியைப் பார்த்தார்.

"என்ன டீச்சர், ஸ்டார் போடலியா?"

"இந்த வருஷம் இல்ல அண்ணாச்சி."

"சாமி" என்று திருத்தினார். பிறகு, "ஆமா. இருக்கட்டும். கேட்டிருக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குப் போனார். அவரும் என் கணவரும் மாலை நேரங்களில் இந்த கேட்டின் இரண்டு பக்கமும் நின்றுதான் பேசுவார்கள். ஒருவரும் உள்ளே வரவோ வெளியே போகவோ மாட்டார்கள்.

சபைச் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்கள் சபையின் கீத பவனி வீடு வீடாக வரும். லோடு ஆட்டோவில் ஸ்பீக்கர், பின்னால் டிரம், ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா, பாட்டுப் பாடுகிற ஒரு கூட்டம்.

"இந்த வருஷம் என் வீட்டுக்கு வர வேண்டாம் தம்பி" என்றேன்.

"சரி டீச்சர்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு ஒரு "சரி டீச்சர்" எவ்வளவு தாங்கும் என்று தெரியும். கட்டாயம் வருவார்கள். அதனால் அன்று மத்தியானமே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரவு ஒன்பதுக்கு மேல் திரும்பினால் போதும் என்று கணக்கு. எங்கே போவது? தென்காசி பஜாருக்குப் போனால் கேக் வாங்க வந்த சபைக்காரர்கள் பாதிப் பேரைப் பார்க்க வேண்டியிருக்கும். குற்றாலத்துக்குப் போனேன். ஐயப்ப சீசனில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் குற்றாலத்தில் யாரும் தேட மாட்டார்கள்.

பஸ் முழுக்கச் சாமிமார். எல்லாரும் கறுப்பு, நீலம், காவி. எனக்கு உடனே எழுந்து இடம் கொடுத்த ஒருவர், "உக்காருங்க சாமி" என்றார். நான் சாமி இல்லை என்று விளக்குவதற்குள் இலஞ்சி விலக்கு தாண்டிவிட்டது. உட்கார்ந்துகொண்டேன்.

மெயினருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. கூடவே தூறலும் இருந்தது. சரணக் கோஷம், ஒலிபெருக்கி அறிவிப்பு, நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற தேங்காயெண்ணெய் வாசனை, ஈரவேட்டிகளின் நடுவே பலூன் விற்பவர். ஒரு சிப்ஸ் கடையின் ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். துக்கத்தோடு நிற்பதற்கு மிகவும் வசதியான இடம். யாரும் யாரையும் கவனிக்கவில்லை.

"டீச்சர்! நீங்களா? இங்கன என்ன செய்தீய?"

திரும்பினால் ஒரு பெண் போலீஸ். என்னிடம் படித்த பெண். அவளுக்கு மூன்று வருஷம் கணக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அதில் எதுவும் அவளுக்குப் பயன்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் நன்றாகவே இருந்தாள். எங்கள் சபைப் பெண்தான்.

"சும்மா வந்தேன். உனக்கு நாளைக்கு லீவு இல்லையா?"

"சீசன்ல யாருக்கு டீச்சர் லீவு? ஏசுசாமி பொறந்தாலும் ஐயப்பசாமிக்குத்தான் பந்தோபஸ்து" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. வேலை அட்டவணையைச் சொல்வது போலச் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. ஒரு உதவி செய்யணும்."

போலீஸ் உதவி மையத்தின் படியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். கறுப்புச் சேலை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. கழுத்தில் துளசிமாலை. நெற்றிச் சந்தனம் தண்ணீரில் கரைந்து மூக்கு வரைக்கும் வந்திருந்தது. குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. யார் கிட்டப் போனாலும் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் ஆந்திராவிலிருந்து ஒரு வேனில் மலைக்குப் போகிற கூட்டத்தோடு வந்தவர். பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் வேன் இல்லை. பை, போன், மாற்றுத்துணி, இருமுடி எல்லாம் வேனில். வேனில் இருந்தவர்கள் இவர் பின்சீட்டில் தூங்குகிறார் என்று நினைத்துவிட்டார்கள். புளியறைச் செக்போஸ்டில் டீ குடிக்க இறங்கியபோதுதான் பின்சீட்டில் இருந்தது ஒரு போர்வை என்று தெரிந்திருக்கிறது. அங்கிருந்த போலீஸ்காரர் இங்கே பேசிவிட்டார். வேன் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் லாரியும் சாமிமார் வண்டியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதால் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

"உள்ள உக்கார வைக்கலாம்னா ஒரே ஒரு ரூம் டீச்சர். செயின் காணும், பர்ஸ் காணும்னு ஆம்பளைங்க கூட்டம். அவங்க ஈரத்தோட நடுங்குதாங்க. தமிழ் ஒரு வார்த்தை தெரியல. உங்க வீட்டுல துணி மாத்தி உக்கார வச்சிருங்க. வேன் இலஞ்சி வழியாத்தான வரணும், நானே கூட்டிட்டு வந்து ஏத்தி விடுதேன்."

வீட்டிலிருந்து தப்பித்து வந்தவளை வீட்டுக்கே அனுப்புகிறாள். மறுக்க ஒரு காரணம் தேடினேன். அந்த அம்மா எழுந்து என்னையும் கும்பிட்டார். காரணம் கிடைக்கவில்லை.

ஆட்டோவில் வரும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. விரதத்தில் இருப்பவர்கள் துக்க வீட்டில் நுழைய மாட்டார்கள். அண்ணாச்சியே மாலை போட்டதிலிருந்து என் கேட்டைத் தாண்டவில்லை. இந்த அம்மாவை எப்படி உள்ளே கூட்டிக்கொண்டு போவது? சொல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் அது தப்பு. சொல்லலாம் என்றால் பாஷை இல்லை. "என் ஹஸ்பெண்ட்" என்று ஆரம்பித்து, கையை மேலே காட்டினேன். அவர் ஆட்டோவின் கூரையைப் பார்த்தார்.

வீட்டு வாசலில் இறங்கி அவரைக் குடைக்குக் கீழே நிறுத்திவிட்டு, எதிர்வீட்டு மதினியைக் கூப்பிட்டுச் சொன்னேன். மதினி கையில் கரண்டியோடு வந்து அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"விரதக்காரி மதினி. என் வீட்ல சாவு நடந்திருக்கு. தீட்டுன்னு நாளைக்கு அவங்க மனசு சங்கடப்படக் கூடாதுல்லா?"

"மொதல்ல அவ துணிய மாத்தட்டும். தீட்டப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றார்கள் மதினி. "எங்க வீட்டுல இன்னைக்கு சாமிமாருக்குப் பூஜை. ஊடு பூரா ஆம்பளையாளா இருக்கானுவ. பொம்பள துணி மாத்த எடமில்ல. ஒங்க வீட்டுலயே மாத்துங்க. சோறு நான் கொண்டாரேன். எங்க அடுப்புல ஆக்குனது, தோசமில்ல."

அப்போது அண்ணாச்சியும் வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்தினார்.

"தெலுங்கா? நான் பேசுதேன். வருசா வருசம் மலையில பேசுததுதான."

அந்த அம்மாவின் எதிரே போய் நின்று, "ரண்டி" என்றார். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. படபடவென்று ஒரு நீண்ட பேச்சுப் பேசினார். கையை ஆட்டினார், அருவிப் பக்கம் காட்டினார், கண்ணைத் துடைத்தார். அண்ணாச்சி கவனமாகக் கேட்டார். முடிந்ததும் மறுபடியும், "ரண்டி" என்றார்.

"என்ன சொல்லுதாவ?" என்று மதினி கேட்டார்கள்.

"வான்னு சொன்னேன். வாரேன்னு சொல்லுதாவ" என்றார்.

மாற்றிக்கொள்ளச் சேலை வேண்டும். விரதக்காரர்கள் கறுப்போ நீலமோ காவியோதான் உடுத்துவார்கள். என் பீரோவில் அடர்நீலத்தில் ஒன்று இருந்தது. ஆசிரியைகள் எல்லாரும் திங்கட்கிழமைகளில் உடுத்த வேண்டும் என்று பள்ளியில் வைத்திருந்த சீருடைச் சேலை. அதை உடுத்திக்கொண்டு அவர் குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது ஒரு கணம், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்தவர், சுவரில் இருந்த என் கணவரின் படத்தைப் பார்த்து நின்றார். படத்தைச் சுற்றிச் சின்ன பல்புச் சரம் எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். நான் ஆட்டோவில் சொல்ல முயன்றது இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். வாசலில் நாற்காலி போட வேண்டும் என்று கூட நினைத்துவிட்டேன்.

அவர் தன் கால்களை எனக்குக் காட்டினார். மெட்டி இருந்த விரலில் வெள்ளையாக ஒரு தடம் மட்டும் இருந்தது. பிறகு படத்துக்குக் கிட்டே போய், கையிலிருந்த ஈரத்துண்டின் காய்ந்த மூலையால் கண்ணாடியைத் துடைத்தார். நான் படத்தை மாட்டியதோடு சரி. ஐந்து மாதமாக அதைத் தொடவில்லை. தூசி நிறையவே இருந்தது போலிருக்கிறது. துடைத்து முடித்தபோது என் கணவர் இன்னும் கொஞ்சம் தெளிவாக, வழக்கமான எரிச்சலோடு என்னைப் பார்த்தார்.

மதினி வாழையிலையும் தூக்குச்சட்டியுமாக வந்து சேர்ந்தார்கள். சாம்பார், பீன்ஸ் பொரியல், பாயசம். பூஜைச் சாப்பாடு. அந்த அம்மாவுக்கு இலை போட்டுப் பரிமாறினோம். அவர் சோற்றில் கை வைக்காமல் என்னைப் பார்த்து, "மீரு?" என்றார்.

"நான் சாப்பிட்டாச்சு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன்.

சாப்பிட்டிருக்கவில்லை. காலையில் இரண்டு ரொட்டியும் காப்பியும். பல மாதமாகவே அப்படித்தான். அவர் எழுந்து நேராக அடுக்களைக்குப் போய்விட்டார். கழுவும் தொட்டியில் ஒரே ஒரு டம்ளர் கிடந்தது. அடுப்பு மேல் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து எனக்கு எதிரே இன்னோர் இலையை விரித்தார். தன் இலையிலிருந்த சோற்றில் பாதியை எடுத்து அதில் வைத்தார். "தினண்டி" என்றார். அது என்ன வார்த்தை என்று கேட்க அண்ணாச்சி பக்கத்தில் இல்லை. தேவையும் இல்லை. நம் ஊரில் அடம்பிடிக்கிற பிள்ளைக்கு எந்தக் குரலில் சொல்வோமோ அதே குரல்.

நான் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் சோறு வாங்கினேன். மதினி பாயசத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் வேன் வந்தது. முன்சீட்டில் என் மாணவி, தொப்பியோடு. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து சாமிமார் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வேனுக்குள் அத்தனை பேர் எப்படி இருந்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு ஆள் குறைந்தது அவர்களுக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை. அவர்களுடைய குருசாமி பெரியவர். என் கேட்டுக்கு முன்னால் நின்று அந்த அம்மாவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். அந்த அம்மா அவரை நன்றாகத் திட்டினார். தெலுங்கு தெரியாத எங்களுக்கும் எல்லாம் புரிந்தது. திட்டி முடித்துவிட்டு அவரே குருசாமிக்குத் தண்ணீரும் கொடுத்தார்.

சாமிமார் நாலைந்து மணி நேரம் நெரிசலில் கிடந்து வந்தவர்கள். முகமெல்லாம் புழுதி. "டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் வீட்டில் பால் இல்லை என்பது ஞாபகம் வந்தது. தனி ஆளுக்கு எதற்கு என்று பாலை நிறுத்தியிருந்தேன். மதினி வீட்டுப் பால் முழுக்கப் பாயசமாகிவிட்டது.

"கட்டன் போட்டுக் குடுத்திருவோம்" என்றார் அண்ணாச்சி. செங்கோட்டைப் பக்கத்துக்காரர். பால் விடாத டீக்கு அவருக்கு மலையாளப் பேர்தான் வரும்.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டது.

லோடு ஆட்டோ வந்து வேனுக்குப் பின்னால் நின்றது. சபைச் செயலாளர் குதித்து இறங்கினார். முகத்தில் மன்னிப்புக் கேட்கிற பாவனையை ஏற்கெனவே தயாராக வைத்திருந்தார். என் வாசல் முழுக்கக் கறுப்பு வேட்டிகளைப் பார்த்ததும் அந்தப் பாவனையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று கேட் நம்பரைப் பார்த்ததை நானே கண்டேன்.

"டீச்சர்... நாங்க சும்மா ஒரு ஜெபம் மட்டும்... டிரம் இல்லாம..."

"வந்தது வந்துட்டீங்க. யாரு வீட்டுலயாவது பால் இருக்கா தம்பி?"

கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டிருந்தவர் பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவர். வெள்ளைத்தாடிக்குள்ளிருந்து, "நான் கொண்டாரேன் டீச்சர்" என்று குரல் வந்தது. சிவப்பு அங்கி, தொப்பி, வயிற்றில் கட்டிய தலையணை எல்லாவற்றோடும் யாருடைய பைக்கிலோ ஏறிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கேன் பாலை மடியில் அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார். தெருப்பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்க அவரிடம் மிட்டாய் இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் கொண்டுவந்ததிலேயே உருப்படியான பொருள் அந்தப் பால்தான் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டு அடுப்பிலும் டீ கொதித்தது. அந்த அம்மா இஞ்சி தட்டினார். மதினி வடிகட்டினார்கள். டம்ளர் போதாமல் என் பாத்திரப் பெட்டியைத் திறக்க வேண்டியதாயிற்று. சபைக்காரர்கள் கேக் துண்டு வெட்டித் தட்டில் கொண்டுவந்தார்கள். செயலாளர் ரொம்ப நேர்மையானவர். ஒவ்வொரு சாமி முன்னாலும் தட்டை நீட்டி, "இதுல முட்டை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொருவரும் கும்பிட்டு மறுத்தார்கள். தட்டு கடைசி வரைக்கும் போய் அப்படியே திரும்பி வந்தது. யாருக்கும் வருத்தமில்லை.

பிறகு, வந்தவர்கள் பாடினார்கள். பெத்லகேமில் இடமில்லாத இரவைப் பற்றிய பழைய பாட்டு. டிரம் அடிக்கவில்லை. சாமிமார் என் முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். பாட்டு எதைப் பற்றியது என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது அடியிலேயே தாளம் பிடித்துவிட்டார்கள். வேனின் பக்கத்தில் நின்றிருந்த என் மாணவி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழ்க்குரலில் சேர்ந்து பாடினாள். நல்ல குரல். அந்த வருஷம் அவளுக்குக் கிடைத்த கிறிஸ்துமஸ் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

பாட்டு முடிந்ததும் குருசாமி எழுந்து எங்கள் வீட்டைப் பார்த்துச் சரணம் சொன்னார். எல்லாரும் பதில் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் எங்கள் டிரம்காரர் ஒரு அடி அடித்துவிட்டார். அது பொருத்தமாகவே இருந்தது. மாலை போட்டதிலிருந்து என் கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்த அண்ணாச்சி அப்போது உள்ளே வந்திருந்தார். எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. அப்படி இருக்கலாமா என்று ஒருமுறை யோசித்துப் பார்த்தேன். யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை.

புறப்படும்போது அந்த அம்மா என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னார். நானும் "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றேன். வேன் டிரைவருக்கு அரைகுறைத் தமிழ் தெரியும். அவர் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். நீலச் சேலை அந்த அம்மாவோடு மலைக்குப் போயிற்று.

மறுநாள் விடியற்காலை ஆராதனைக்குப் போனேன். போவதில்லை என்றுதான் முதலில் இருந்தேன். நான் உட்காருவதற்குள் செய்தி முன் பெஞ்சு வரைக்கும் போயிருந்தது. பக்கத்திலிருந்த பெண் குனிந்து என் கழுத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க மாலை போட்டிருக்கீங்கன்னு சொன்னாவ" என்றாள். "இன்னும் இல்ல" என்றேன். பிறகு யாரும் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது எங்கள் போதகர் குரலைத் தாழ்த்தி, "அந்த டீ நல்லா இருந்ததாமே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எலுமிச்சம் சாதம் கிளறினேன். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் கடையத்தில் இருக்கிறாள். ஐப்பசியில் அவளுடைய அம்மா இறந்துபோனார்கள். துக்க வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நான் போகாமல் இருந்தேன். சாதத்தைக் கட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் கடையத்துக்குப் போனேன். பண்டிகை நாளில் பஸ் காலியாக இருந்தது. அவள் கதவைத் திறந்து என்னையும் பொட்டலத்தையும் பார்த்தாள். "எத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தர் கூட வரல. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நெனைச்சிருப்பாங்க" என்றாள். "ஆமா, எல்லாரும் ரொம்ப நல்லவங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு சாப்பிட்டோம். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அவள் மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் அந்த அம்மா. மலைக்குப் போய்விட்டு நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்துவிட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது. தெலுங்கில் நிறையப் பேசினார். ஒரு இடத்தில் சிரித்தார், ஒரு இடத்தில் குரல் கம்மியது. நான் "ஆமா", "அப்படியா", "பின்னே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தினார். இப்போது என் முறை என்று தெரிந்தது.

என் கணவரைப் பற்றிச் சொன்னேன். அவர் போன பிறகு சபையில் பலரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான். கடைசியாக என்ன சொன்னார், ஏதாவது வசனம் சொன்னாரா, ஜெபித்தாரா? நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொள்வேன். அவர்களும் நல்லவிதமாக எடுத்துக்கொள்வார்கள். மகனிடம்கூடச் சொல்லவில்லை. அன்று அந்த அம்மாவிடம் தமிழில் சொன்னேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்து, என்னை நன்றாகப் பார்த்து, "மோட்டார ஆஃப் பண்ணிட்டியா? டேங்க் நெறஞ்சு வழியும்" என்றார். பண்ணிட்டேன் என்றேன். சரி என்றார். அவ்வளவுதான்.

சொல்லிவிட்டு நான் சிரித்தேன். பிறகு அழுதேன். அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமா, ஆமா" என்றார். அந்த ஒரு வார்த்தையை என்னிடமிருந்து பிடித்துக்கொண்டார் போலிருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறோம். இதைக் கேள்விப்பட்ட என் மகன், ஒருவர் பேசுவதை உடனே மற்றவர் பாஷைக்கு மாற்றிக் கொடுக்கும் என்று சொல்லிப் போனில் போட்டுக்கொள்ள ஏதோ ஒன்று அனுப்பினான். நல்ல பிள்ளை. நான் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.